தெய்வானை பேருல நான் போட்ட கார்டுக

ஏனுங்க, இந்த மைக்கு வேண்டாம், எடுத்துருங்க. இருக்கறது பன்னண்டு பேரு, என்ற தொண்டைக்கு இந்த ரூமு பத்தாது. இருவத்தேழு வருசம் பத்திரிகை ஆபீஸ்ல கத்திக் கத்தியே காலம் ஓட்டுனவ நான்.

உங்க எடிட்டர் தம்பி கூப்பிட்டப்ப, "புதுசா வந்திருக்கறவங்களுக்கு உங்க அனுபவத்துல நாலு சொல்லுங்க"ன்னுதான் சொன்னாப்டி. நானும் பிழை திருத்தறது, கடைசி நேரத்துல ரண்டு பக்கம் கொறஞ்சா என்ன பண்றதுன்னு எதையோ பேசிட்டு, பஜ்ஜியத் தின்னுட்டுக் கெளம்பிரலாம்னுதான் வந்தேன். வந்து உக்காந்தா, முன்னால இருக்கற இந்தப் புள்ள மொகமெல்லாம் சிரிப்பா ஒண்ணு சொல்லுச்சு. நீங்க போடற மாய உலகத்துக் கதையில வர்ற பொண்ணு, இனிமே வாசகருக்கு போன்ல நேரா பதில் சொல்லுவாளாம். உங்கள்ல ஒருத்தர் உக்காந்து அவ பேசற மாதிரியே அடிச்சு அனுப்புவீங்களாம். "புது ஐடியாங்க மேடம்"ங்குது.

அட கெரகமே! புது ஐடியாவா? தொண்ணூறுகள்லயே, செல்போன்னா என்னன்னு நம்மூர்ல ஆருக்கும் தெரியாதப்பவே, நான் அதப் பண்ணித் தொலைச்சவ. அதனால இன்னிக்குப் பிழை திருத்தறதப் பத்தி ஒண்ணும் கெடையாது. இதைக் கேளுங்க. நடுவுல போனை நோண்டுனா எந்திரிச்சு வந்து புடுங்கிப் போடுவேன்.

அப்ப எங்க ஆபீஸ் டவுன்ஹால் பக்கத்துச் சந்துல, ஒரு மருந்துக்கடைக்கு மாடியில. மாசப் பத்திரிகை. மொதலாளி மேல எந்தக் கொறையும் சொல்ல மாட்டேன், அவருக்குப் பத்திரிகை வித்தாப் போதும். கதையத் தேர்ந்தெடுக்கறது, வெட்டறது, ஒட்டறது, வாசகர் கடுதாசிக்குப் பதில் எழுதறது எல்லாம் நான்.

ஒரு நாள் காரமடையில இருந்து ஒரு மனுசன் வந்தாரு. மாட்டாஸ்பத்திரியில கம்பவுண்டர். கையில மஞ்சப்பை, பைக்குள்ள கதை. அவரு பேரு வேண்டாம், காரமடைக்காரர்னே சொல்றேன், நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். கதை பேரு "அக்கட்டால ஒரு ஊரு". ஒரு மில்லுக்காரி, நாப்பது வயசு, பேரு தெய்வானை. மழைக்கு ஒதுங்க ஏரிக்கரைப் பம்ப் ரூமுக்குள்ள போறா. உள்ளார இன்னொரு கதவு இருக்குது. மில்லுல மத்தியானச் சங்கு ஊதறப்ப மட்டும் அது தொறக்குது. தொறந்து அக்கட்டால, அதாவது அந்தப் பக்கம், காலை வெச்சா வேற உலகம்.

கதவத் தொறந்தா வேற உலகம்னா சின்னப் புள்ளைக சமாச்சாரம்னு அன்னிக்கு எல்லாருக்கும் ஒரு எளக்காரம். எனக்கும்தான். ஆனா இவரு எழுதுன ஊரு பெரியவங்களுக்கான ஊரு. அங்க போற பொம்பளைய ஆரும் "நீ ஆரு சம்சாரம், எத்தன கொழந்தை"ன்னு கேக்க மாட்டாங்க. "நீ என்ன பண்ணப் பிரியப்படற"ன்னுதான் கேப்பாங்க. அதுக்கு ஒரு தண்டமும் உண்டு. ஒவ்வொருக்காத் திரும்பி வாரப்பயும் இந்தப் பக்கத்து ஞாபகம் ஒண்ணு கழண்டு போயிரும். மொதல்ல வாசம், அப்பறம் வழி, அப்பறம் பெத்த பையன் மொகம். நான் படிச்சுட்டு அன்னிக்கு மத்தியானம் சோத்துப் போசியவே தொறக்கல.

அங்கதான் என்ற மொதல் கொழுப்பு. அவரு பேரில்லாத ஒரு ஊருல அந்த ஏரிய வெச்சிருந்தாரு. நான் அதை அடிச்சுட்டு சிங்காநல்லூர்னு போட்டேன். எந்த பஸ் ஸ்டாப்புல எறங்கோணும், எந்தப் பக்கம் திரும்போணும், எந்தப் புளியமரத்துக்குப் பக்கத்துல பம்ப் ரூமு, எல்லாம் நானே சேத்தேன். நெசமான ஊரு போட்டாத்தான் வாசகர் நம்புவாங்கங்கறது எங்க ஆபீஸ்ல எழுதாத சட்டம். அந்தப் பக்கம் நெசமாவே ஒரு பாழடைஞ்ச பம்ப் ரூமு இருந்துது.

காரமடைக்காரர் ப்ரூஃபப் பாத்துட்டு மொகம் சுண்டிப் போனாரு. "அம்மணி, இது வேண்டாமுங்க. இல்லாத எடத்துல கதவு வெச்சா ஆருக்கும் நட்டமில்லீங்க. இருக்கற எடத்துல வெச்சா ஆராச்சும் போய்த் தட்டுவாங்க."

"தட்டட்டுமே! தட்டுனா நம்ம பத்திரிகைக்கு நல்லதுதான"ன்னேன். அத்தன திமிரு.

கதை பிச்சுக்கிட்டுப் போச்சு. மில் ஹாஸ்டல்ல ஒரு புத்தகத்த இருவது பேரு படிச்சாங்க. கடுதாசி மூட்டை மூட்டையா வந்துது. ரிட்டையர்டு மிலிட்டரிக்காரர் ஒருத்தர், "நேர்ல போய்ப் பாத்தேன், உள்கதவக் காணோம், பூசிவிட்டுட்டாங்களா?"ன்னு கோவமா எழுதியிருந்தாரு. ஆபீஸே உருண்டு பெரண்டு சிரிச்சோம். அந்தச் சிரிப்புலதான் எனக்கு அந்த யோசனை வந்துது. வாசகருக்கு நான் எதுக்குப் பதில் எழுதோணும்? தெய்வானையே எழுதட்டுமே! பத்திரிகையில ஒரு பக்கம் ஒதுக்குனேன். அதுபோக ரொம்ப நாளா எழுதறவங்களுக்குத் தனியா கார்டே போட்டேன். அடியில கையெழுத்து, "தெய்வானை, அக்கட்டால இருந்து". என்ற கையெழுத்து கொஞ்சம் உருண்டையா அழகா இருக்கும், பெருமைக்குச் சொல்லல. அதப் பாத்து வாசகருக்குக் கிறுக்குப் புடிச்சுது.

அப்படிக் கார்டு வாங்குனவங்கள்ல ஒருத்தங்க சூலூர் சரசு. மாசத்துக்கு ஒண்ணுன்னு ஒம்பது லெட்டர் போட்டாங்க. முலாம்பழ வெதையாட்டப் பொடிப்பொடியா எழுத்து. ஊட்டோட தறி ஓட்டற குடும்பம்னு எழுதியிருந்தாங்க. பொண்ணு ஒண்ணு காய்ச்சல்ல போயிருச்சுன்னு ஒரு வரி. பக்கத்து ஊட்டுப் புள்ளதான் லெட்டரப் பொட்டியில போட்டு, பதிலயும் வாங்கித் தருதுன்னு ஒரு வரி. கல்யாணத்துக்கு முந்தி மில்லுல வேலை செஞ்சதாகவும், இப்ப திரும்பப் போகோணும்னு ஆசைன்னும் ஒரு வரி. மீதியெல்லாம் தெய்வானையோட ஊரப் பத்திக் கேள்வி. அங்க பொம்பளைக தனியா இருந்தா ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? தேடிக்கிட்டு ஆராச்சும் வந்தா அங்க இருக்கறவங்க காட்டிக் குடுப்பாங்களா?

ஒரு லெட்டர்ல இப்படி எழுதியிருந்தாங்க: "உங்க கதவுக்கு இக்கட்டாலதானுங்க தாப்பாள். எங்கூட்டுல எனக்குத் தாப்பாள் அக்கட்டால இருக்குதுங்க."

இதப் படிச்சதும் நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? "அடடா, என்னமா எழுதறாங்க பாரு!"ன்னு டேபிளத் தட்டுனேன். எழுத்தாளருக்கே இப்படியொரு வரி வரலியேன்னேன். கமா ஒண்ணு சேத்து, அந்த மாசத்துச் சிறந்த கடிதம்னு கட்டம் கட்டிப் போட்டேன். பேரை மட்டும் "சூலூர் வாசகி"ன்னு மாத்துனேன், அது ஒண்ணுதான் நான் பண்ணுன புண்ணியம். கண்ணுகளா, இந்தத் தப்ப ஒரு தறிக்காரரோ டீக்கடைக்காரரோ பண்ணியிருக்க மாட்டாங்க. "கதவுக்கு வெளியில தாப்பாளா? ஆரு போட்டாங்க?"ன்னு ஒரே கேள்வியில புடிச்சிருப்பாங்க. நம்மள மாதிரி நாளெல்லாம் வாக்கியத்தோட கெடக்கறவங்கதான் இந்த மாதிரி நாசமாப் போவோம்.

ஒம்பதாவது லெட்டர் ரண்டே வரி. "எந்த நாள் வரட்டுங்க? நீங்க இருப்பீங்களா?" ஆபீஸ்ல வேலை நெட்டி முறிக்குது. கார்டு எடுத்தேன், எழுதுனேன். "என்னைக்கு வேணா வாங்க சரசு. மத்தியானச் சங்கு ஊதறப்பக் கதவு தொறந்திருக்கும். உங்களுக்குன்னு ஒரு எடம் போட்டு வெச்சிருக்கறேன். தெய்வானை." ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது.

பத்து நாள் கழிச்சு, காலையில பதினோரு மணி இருக்கும், ஆபீஸுக்கு ஒருத்தர் வந்தாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு, சேர்ல நுனியில உக்காந்தாரு. காப்பி வேண்டாம்னாரு. பைக்குள்ளிருந்து கார்டுக் கட்டு ஒண்ண எடுத்து மேசை மேல வெச்சாரு. என்ற எழுத்து!

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. சூலூருங்க. இது எங்கூட்டுக்காரி மெத்தைக்கடியில இருந்துதுங்க. நேத்து மாரியாத்தா நோம்பிக்கு அவளையும் கூட்டிக்கிட்டுக் கோயலுக்குப் போயிருந்தமுங்க. கூட்டத்துல ஆளைக் காணோமுங்க. புள்ள போனதுல இருந்து அவளுக்குப் புத்தி அவ்வளவு சொகமில்லீங்க. இந்தக் கதவு எங்கீங்க இருக்குது?"

ஒரு வார்த்தை கோவமாப் பேசல கண்ணு. மேசையக் குத்தல. "நீங்க படிச்சவங்க, பெரியவங்க, நீங்கதான் வழி காட்டோணும்"ன்னு கையக் கும்பிட்டாரு. பைத்தியம் புடிச்ச பொம்பளைக்கு நான் இல்லாத கதவக் காட்டிப்போட்டேன், ஏரிக்கரையில என்ன ஆச்சோ, தண்ணியில கிண்ணியில... அட சாமி, நெனைக்கவே முடியல. கொடையத் தூக்கிக்கிட்டு எறங்குனேன். "நான் ஆட்டோவுல முன்னால போறேன், நீங்க வண்டியில பின்னால வாங்க"ன்னேன். அவரு டிவிஎஸ் பிப்டியில வந்தாரு. அந்தாளுக்கு வழி தெரியாது. வழி காட்டுனது நான்.

ஆட்டோ ஏரி மேட்டுல ஏறறதுக்கும் பக்கத்து மில்லுல சங்கு ஊதறதுக்கும் செரியா இருந்துது. பம்ப் ரூமு வாசப்படியில ஒரு பொம்பள உக்காந்திருந்தாங்க. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கஞ்சி போட்ட நீலச் சீலை, மடியில ஒரு துணிப்பை. உசுரோட இருக்கறாங்க! எனக்கு அழுகையே வந்துருச்சு. எறங்கி ஓடுனேன்.

"சரசு?"ன்னேன்.

என்னை ஏற எறங்கப் பாத்தாங்க. "கார்டு போட்டது நீங்களுங்களா?"

"நாந்தான். ஆனா சரசு, இங்க கதவெல்லாம் இல்ல. அது கதை. நாங்க சும்மா..."

"தெரியுமுங்க"ன்னாங்க. சிரிச்ச மாதிரிகூட இருந்துது. "எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க. செவுத்துக்குள்ள ஊரு இருக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? தெய்வானை இல்லீன்னும் தெரியும். ஆனா கார்டு எழுதுன கை நெசமான கைதானுங்களே? எடம் போட்டு வெச்சிருக்கறேன்னு ஒரு நெசமான ஆளு எழுதுனீங்கல்ல. நேத்திருந்து அந்த ஆளுக்குத்தானுங்க காத்திருக்கறேன்."

நான் கிறுக்குன்னு நெனச்சு வந்த பொம்பள, ஆபீஸ்ல இருந்த எங்க அத்தன பேரையும்விட வெவரமா உக்காந்திருக்கறா. கதவு தேடி வரல. என்னத் தேடி வந்திருக்கறா.

அப்ப வண்டிச் சத்தம் கேட்டுது. மேட்டுல டிவிஎஸ் பிப்டி ஏறிச்சு. சரசு அந்தப் பக்கம் பாத்தாங்க, அப்பறம் என்னப் பாத்தாங்க. மொகத்துல ரத்தமே இல்ல. "நீங்களா கூட்டிட்டு வந்தீங்க?"ன்னு கேட்டாங்க, அவ்வளவுதான்.

அவரு வண்டிய ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு நெதானமா நடந்து வந்தாரு. "வா அம்மணி, ஊட்டுக்குப் போலாம். சாப்புட்டயா என்னமோ"ன்னாரு. பாத்தா என்ன நெனப்பீங்க? தங்கமான மனுசன்னுதான் நெனப்பீங்க.

சரசு எந்திரிச்சு என்ற பக்கம் ஒரு எட்டு வெச்சாங்க. ரகசியமாத்தான் கேட்டாங்க. "நான் உங்க ஊட்டுக்கு வரட்டுங்களா?"

நான் ரோசனை பண்ணுனேன்.

மறைச்சு என்ன ஆகப் போகுது? ரோசனை பண்ணுனேன். எங்கூடு ரண்டு ரூமு, பையனுக்குப் பரிட்சை, எங்கூட்டுக்காரரு என்ன சொல்லுவாரோ, புருசன் நிக்கறப்ப அவனோட பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறதுன்னா ஊரு என்ன பேசும், நாளைக்கு போலீசு கீலீசுன்னு வந்தா? கொண்டைய அவுத்து முடியற நேரம்தான் இருக்கும். அவ்வளவுதான் ரோசனை பண்ணுனேன்.

"செரிங்க"ன்னாங்க சரசு. "நீங்க ரோசனை பண்றீங்க. பரவாயில்லீங்க." பையத் தூக்கிக்கிட்டு நேரா வண்டிகிட்டப் போயிட்டாங்க. அந்தாளு என்னப் பாத்து மறுபடியும் கும்பிட்டாரு. "ரொம்ப உபகாரமுங்க."

சரசு வண்டியில பின்னால ஒருக்களிச்சு ஏறுனாங்க. ஏறறப்பச் சீலை கொஞ்சம் மேல போச்சு. கணுக்காலச் சுத்தி, கொலுசு போடற எடத்துல, கருநீலமா ஒரு வளையம். கொலுசு இல்ல. கவுறு கட்டுன தடம். அது என்னன்னு எனக்குப் புரியறதுக்குள்ள வண்டி மேடு எறங்கிப் போயிருச்சு. "நிறுத்துங்க! நிறுத்துங்க!"ன்னு கத்துனேன் பாருங்க, அந்த ஆட்டோக்காரரு பயந்தே போயிட்டாரு. வண்டி நிக்கல.

சாயந்தரம் காரமடைக்காரருக்கு போன் போட்டேன். நடந்ததச் சொன்னேன். கேட்டுட்டு, "அம்மணி, அவங்க லெட்டர்களைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க"ன்னாரு. ஒண்ணொண்ணா எடுத்துச் சத்தமாப் படிச்சேன். ஒம்பதையும் படிச்சேன். தேடி வந்தாக் காட்டிக் குடுப்பாங்களா. தாப்பாள் அக்கட்டால இருக்குதுங்க. எந்த நாள் வரட்டுங்க. படிக்கப் படிக்கத்தான் என்ற காதுலயே விழுந்துது. ஒம்பது மாசமா ஒரு பொம்பள "என்னை அடைச்சு வெச்சிருக்கறாங்க"ன்னு எழுதியிருக்கறா. நான் ஒம்பது மாசமா அதுக்கு மார்க் போட்டுக்கிட்டு இருந்திருக்கறேன்.

சத்தமாப் படிங்க கண்ணுகளா. வாசகர் எழுதறதக் கண்ணால மட்டும் படிக்காதீங்க, வாய் விட்டுப் படிங்க. பிழை திருத்தறதுக்கு முந்தி ஒருக்காப் படிங்க. நான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்க வந்தது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீங்களே கத்துக்குவீங்க.

மக்யாநாள் காலையில மொத பஸ்ஸுக்கே காரமடைக்காரர் வந்துட்டாரு. ரண்டு பேரும் சூலூர் போனோம். போலீசுக்கல்லவா போயிருக்கோணும்னு கேப்பீங்க. போயிருக்கோணும்தான். அன்னிக்கு எனக்கு ஊட்டு வாசல்ல போய் நிக்கோணும்னு மட்டும்தான் தோணுச்சு.

ஊட்டுக்குள்ள நொழையறப்பவே தறிச் சத்தம். பத்துத் தறி ஓடுச்சு. பக்கத்துல இருக்கறவங்க பேசறதே கேக்காது, வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கோணும். அந்தாளு வந்து வாங்க வாங்கன்னு திண்டு போட்ட சேர்ல உக்கார வெச்சாரு. சொம்புல தண்ணி குடுத்தாரு.

"சரசு எங்கீங்க?"ன்னு கத்துனேன்.

"தூங்கறாளுங்க. மாத்திரை குடுத்திருக்குதுங்க. நல்லாருக்கறாளுங்க"ன்னு அவரும் கத்துனாரு. கத்தறப்பகூட அந்த 'ங்க' போகல. என்ன பண்றதுன்னு தெரியாம நான் காரமடைக்காரரப் பாத்தேன். அவரு சொம்பப் பாத்தாரு.

அப்பக் கரண்டு போச்சு.

பத்துத் தறியும் பட்டுனு நின்னுது. காதுக்குள்ள ஙொய்யினு ஒரு அமைதி. அந்த அமைதியில, பின்னால பொடக்காளிப் பக்கமிருந்து, டக், டக், டக்குனு சத்தம். கதவத் தட்டற சத்தம். ஆரும் வருவாங்கன்னு நம்பித் தட்டற தட்டு இல்ல அது. தட்டித் தட்டிக் கை பழகிப் போன மாதிரி, ஒரே சீரா. தறி ஓடற நேரமெல்லாம் அவங்க தட்டிக்கிட்டேதான் இருந்திருக்கறாங்க, ஆருக்கும் கேக்கல.

அந்தாளு மொகத்தப் பாத்தேன். அவரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. "கரண்டு இப்ப வந்துருமுங்க"ன்னாரு! இன்னிக்கு நெனச்சாலும் பல்லு கூசுது.

நான் எந்திரிச்சேன். அவரும் எந்திரிச்சாரு. காரமடைக்காரர் இருக்காரே, ஈ எறும்புக்கு வலிக்காத மனுசன், எப்படித்தான் தோணுச்சோ, அந்தாளோட ரண்டு கையயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. "உக்காருங்க, உக்காருங்க, சித்த நேரம் பேசிட்டு இருக்கலாமுங்க"ன்னு சொல்லிக்கிட்டே புடிச்ச கைய உடவே இல்ல. மொரட்டுக் காளைக்கு ஊசி போடறவருக்குக் கையில வலு இல்லாமயா இருக்கும்!

பொடக்காளிக்குப் போனேன். பாவு நூல் போட்டு வெக்கற ரூமு. தகரக் கதவு. தாப்பாள் வெளியில. அவங்க எழுதுன மாதிரியே, அக்கட்டால. நான் கட்டம் கட்டிப் போட்ட அதே தாப்பாள்.

பின்னாலிருந்து அந்தாளு கூப்பிட்டாரு. "ஏனுங்க, அது எங்கூட்டுக் கதவுங்க. நீங்க ஆருங்க அதத் தொறக்க?"

இந்தத் தடவை நான் ரோசனை பண்ணல. தொறந்தேன்.

சரசு வெளிச்சத்துக்குக் கண்ணச் சுருக்கிக்கிட்டு நின்னாங்க. அதே நீலச் சீலை, கசங்கிப் போயிருந்துது. காலுல கவுறு இருந்துது, அவுத்து விட்டேன். முடிச்சு இறுக்கமா இருந்துது, பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன். அவங்க அழுவுல. என்னக் கட்டிப் புடிக்கல. செருப்பப் போட்டுக்கிட்டாங்க. முன்கட்டு வழியா, புருசன் உக்காந்திருந்த எடத்தத் தாண்டி, அந்தப் பக்கம் திரும்பாம வாசலுக்குப் போனாங்க. நான் பின்னால ஓடுனேன்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நான்தான் மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கிட்டே வந்தேன். மன்னிச்சுக்கங்க சரசு, எங்கூட்டுக்கு வாங்க, எத்தன நாள் வேணா இருங்க, நேத்து எனக்குப் புத்தி எங்கயோ போயிருச்சு, இப்ப வாங்கன்னு. பர்ஸத் தூக்கி அப்படியே அவங்க கையில வெச்சேன். வாங்கிக்கிட்டாங்க.

"எங்க போறீங்க? நானும் கூட வாரேன்"ன்னேன்.

"வேண்டாமுங்க."

"எந்த ஊருன்னு மட்டுமாச்சும் சொல்லுங்க. எனக்கு மனசு ஆறாது சரசு."

அவங்க என்ன நேராப் பாத்தாங்க. கோவமே இல்ல அந்தப் பார்வையில, அதுதான் என்னக் கொன்னுது. "உங்ககிட்டச் சொல்ல மாட்டனுங்க"ன்னாங்க. "நேத்து அவரைக் கூட்டிட்டு வந்தது நீங்கதானுங்களே. நாளைக்கு அவரு வந்து தன்மையாக் கேட்டா, நீங்க சொல்லிப் போடுவீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. சித்த நேரம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்னேன். ஸ்டாப்புக்குப் பின்னால ஒரு காம்பவுண்டு செவுரு, உரம் விளம்பரம் எழுதியிருந்துது. மூஞ்சிக்கு நேரா அதப் பாத்துக்கிட்டு நின்னேன். தூரத்துல பஸ் வர்ற சத்தம் கேட்டுது. நம்மூரு கண்டக்டருக ஊருப் பேரக் கூவித்தான ஆளேத்துவாங்க? கேட்டுப் போட்டா அப்பறம் நான் தெரிஞ்சவளாயிருவனே! கொடையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரண்டு காதையும் பொத்திக்கிட்டேன். நாப்பத்திரண்டு வயசுப் பொம்பள, பத்திரிகை ஆபீஸ் மேடம், நட்ட நடுப் பகல்ல செவுத்தப் பாத்துக் காதப் பொத்திக்கிட்டு நிக்கறேன். போறவங்க வர்றவங்க எல்லாம் பாத்துட்டுப் போயிருப்பாங்க. ஒரு பஸ் வந்து போன அதிர்வு காலுக்குத் தெரிஞ்சுது. அப்பறம் இன்னொண்ணு. அதுக்கப்பறமும் ரொம்ப நேரம் நின்னேன். திரும்பிப் பாத்தப்ப ஆரும் இல்ல.

எதுல ஏறுனாங்க, எங்க எறங்குனாங்க, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு லெட்டர் இல்ல, ஒரு கார்டு இல்ல. அந்தாளு மட்டும் அதுக்கப்பறம் மூணு தடவை ஆபீஸுக்கு வந்தாரு. அதே வெள்ளைச் சட்டை, அதே திருநீறு, அதே சேரு நுனி. "நீங்க படிச்சவங்க, பெரியவங்க, ஒரு பொம்பளை எங்க போனான்னு உங்களுக்குத் தெரியாம இருக்காதுங்களே"ன்னு கையக் கும்பிட்டாரு. மூணு தடவையும் நான் அவரு கண்ணப் பாத்துச் சொன்னேன்: "தெரியாதுங்க."

இருவத்தேழு வருசம் அந்த நாற்காலியில உக்காந்து எத்தன ஆயிரம் பதில் எழுதியிருப்பேன். உருப்படியா நான் சொன்ன பதில் அது ஒண்ணுதான்.